கொலை வழக்கிலும் ஜாமீனா? பிணை குறித்துச் சில கேள்விகள்

கடுமையான குற்ற வழக்குகளில் பிணை வழங்கப்படுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் அளிக்கும் பதில்கள்.

கொலை வழக்கில் கைதான ஒருவர் மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டார். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டதா ஐயா? (மதுரை வாசகர்)

இல்லை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க வழக்குகளில் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் காவல் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், மனுச் செய்து ஜாமீன் கொடுக்க முன்வரும் கைதியை விடுவித்தாக வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இதில் குற்றம் செய்தாரா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போவதே இல்லை. உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம், உரிய நாளுக்குள் புலன் விசாரணையை முடிக்காத காவல் நிலையம்.

தீர்ப்பு வரும் வரை நிரபராதி என்றால், பிணை மறுப்பதே தவறல்லவா? (சேலம் வாசகர்)

தலைமறைவாகிவிடுவார், சாட்சிகளை மிரட்டுவார், தடயங்களை அழிப்பார் என்று நம்ப அடிப்படை இருந்தால் காவலில் வைப்பது தவறாகாது; ஏனெனில் அது விசாரணையைக் காப்பதற்கானது. குற்றத்தின் கடுமையையும் நீதிமன்றம் பார்க்கத்தான் செய்யும். ஆனால் கடுமையான குற்றச்சாட்டு என்ற ஒன்றையே குற்றத்துக்கு நிரூபணம்போலக் கொள்ளும்போது, தீர்ப்புக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. 1977-இல் பால்சந்த் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் வகுத்த 'சிறையல்ல, ஜாமீனே விதி' என்ற நெறியை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பத்தியிலேயே மனுவைத் தள்ளுபடி செய்யும் உத்தரவுகளைப் படிக்கும்போது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

'உபா' (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), அமலாக்கத் துறை வழக்குகளில் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் ஜாமீன் கிடைப்பதில்லை? (கோவை வாசகர்)

அந்தச் சட்டங்களில் தராசு முதலிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. உபா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றங்களில், காவல் துறையின் வழக்கு நாட்குறிப்பையும் குற்றப்பத்திரிகையையும் படித்த நீதிபதிக்குக் குற்றச்சாட்டு முதல் தோற்றத்தில் உண்மை எனப்பட்டால் பிணை தரக்கூடாது என்கிறது 43டி(5) பிரிவு. அந்தக் கட்டத்தில் சாட்சியத்தை அலசி எடைபோடக் கூடாது என்று 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபின், காவல் துறையின் தாள்களே ஏறக்குறைய முடிவாகிவிட்டன. அமலாக்கத் துறை வழக்குத் தொடுக்கும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவோ, மனுதாரர் குற்றவாளி அல்லர் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் விடலாம் என்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது; 2018-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது; 2022-இல் திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பானது. ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறாத நிலையில் தன் குற்றமின்மையைக் காட்டு என்று கைதியிடம் கேட்பது, நிரபராதி என்ற அனுமானத்தைத் தலைகீழாக்குவதே என்பது என் உறுதியான கருத்து.

ஆயினும் கதவு முழுவதும் அடைபடவில்லை. உபா வழக்கில் கைதான கே.ஏ.நஜீப் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். இன்னும் 276 சாட்சிகள் விசாரிக்கப்பட வேண்டியிருந்தது. விரைவான விசாரணை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்பதால், உபாவின் தடையையும் மீறி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பிணை வழங்கலாம் என 2021-இல் அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 செப்டம்பரில் அமலாக்கத் துறை வழக்கில் செந்தில் பாலாஜிக்குப் பிணை கிடைத்ததும், அவ்வழக்குக்கு அடிப்படையான மூல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டோரே 2000 பேருக்கு மேல் இருக்க, விசாரணை அண்மையில் முடிய வழியில்லை என்ற அதே அடிப்படையில்தான்.

வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட எங்களைக் கேட்காமலேயே ஜாமீன் கொடுத்துவிட முடியுமா? (விழுப்புரம் வாசகர்)

முடியாது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி உங்களுக்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும். உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். வெளியே வந்தவர் மிரட்டினால் உடனே எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். பிணையை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு அந்த ரசீது உதவும்.

என் தம்பிக்கு ஜாமீன் உத்தரவாகி இரண்டு மாதமாகியும் சிறையில்தான் இருக்கிறான். 'இரண்டு நபர் ஜாமீன், ஒருவர் இரத்த உறவினர்' என்கிறார்கள். எங்களுக்கு வீடோ நிலமோ கிடையாது. (திருவண்ணாமலை வாசகி)

அம்மா, உங்கள் கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1978-இல் மோத்திராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். வேறு மாவட்டத்தில் சொத்து வைத்திருந்த அவருடைய சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்கவும் மறுத்தார்கள். இரண்டுமே தவறு என்றது உச்ச நீதிமன்றம். உத்தரவாகி ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது குறித்து நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. உத்தரவு நகலுடன் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். குடும்ப வருமானத்தைக் குறிப்பிட்டு, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடுவிக்கும்படி மனுச் செய்யச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு அங்கே வழக்கறிஞர் கட்டணம் கிடையாது.