கட்சிக் கண்ணாடியும் ‘டாக்டர் ஷிவாகோ’வும்

கேள்வி: ஒரே நாவலை ஒருவர் உன்னதம் என்கிறார், இன்னொருவர் பிற்போக்கு என்கிறார். பேசுவது நாவலா, விமர்சகரின் அரசியலா என்று எப்படிக் கண்டுகொள்வது? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: ரஷ்ய எழுத்தாளர் பாஸ்தர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’வுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1956-இல் சோவியத் இலக்கிய இதழான ‘நோவி மிர்’ ஆசிரியர் குழு அதை நிராகரித்து நீண்ட கடிதம் எழுதியது: நாவலின் உணர்வே ரஷ்யப் புரட்சியை ஏற்காதது, வெட்டித் திருத்திச் சரிசெய்ய முடியாது என்று. 1957-இல் நாவல் மிலானில் இத்தாலிய மொழியில் வந்தது. 1958 அக்டோபர் 23-இல் நோபல் அறிவிப்பு; இரண்டே நாளில் அந்தப் பழைய கடிதம் மாஸ்கோவில் அச்சேறியது; 27-இல் பாஸ்தர்நாக்கை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு வந்த சோவியத் பயணிகளிடம் ரஷ்யப் பதிப்பைச் சேர்ப்பித்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. இரு தரப்புக்கும் நாவல் எதிராளிக்கு எதிரான ஒரு சாட்சியப் பத்திரம்.

நாவலுக்குள் என்ன இருக்கிறது? செம்படைக் கொரில்லாக்களிடம் சிக்கிய மருத்துவர் ஷிவாகோ, சண்டையில் இறந்தவனின் துப்பாக்கியை எடுத்து, எதிரே வரும், புரட்சியை எதிர்த்த வெண்படை இளைஞர்கள்மேல் படாதபடி கருகிய மரத்தைக் குறிவைக்கிறார். அப்படியும் சிலர்மேல் குண்டு படுகிறது. பிறகு பார்த்தால், இறந்தவன் கழுத்துத் தாயத்திலும் எதிரணிப் பையன் கழுத்துத் தாயத்திலும் பைபிளின் ஒரே சங்கீத வரிகள். ‘துரோகம்’ என்றோ ‘மனிதநேயம்’ என்றோ முத்திரை குத்துவது எளிது. மரத்தைக் குறிவைத்தும் ஆள் விழுந்ததற்கு இரண்டிலும் இடமில்லை. இரு கழுத்திலும் ஒரே சங்கீதம் என்பதுபோன்ற தற்செயல்கள் நாவல் முழுக்க மிகுதி. என் கணிப்பில் அதுதான் அதன் உண்மையான பலவீனம். கூச்சலில் அதைப் பேச ஆளில்லாமல் போயிற்று.

ஆகவே மதிப்புரை படிக்கும்போது, மேற்கோள் ஒவ்வொன்றும் யார் வாயில் வருகிறது என்று நாவலைப் புரட்டிச் சரிபாருங்கள். பாத்திரத்தின் பேச்சை ஆசிரியர் தலையில் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடுத்து, தன் முடிவுக்கு இடைஞ்சலான காட்சி ஒன்றையாவது விமர்சகர் எடுத்துப் பேசியிருக்கிறாரா என்று தேடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் முடிவை முதலில் எழுதிவிட்டுத்தான் நாவலைத் திறந்திருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் விமர்சகருக்கு அரசியலே கூடாதா?

பதில்: யார் சொன்னது? மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸைவிடத் தீவிர அரசியல்காரர் யார்! பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கோ முடியாட்சி ஆதரவாளர். ஆனாலும் 1888-இல் ஆங்கில நாவலாசிரியர் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில், பால்சாக் தான் நேசித்த பிரபுக்களின் வீழ்ச்சியைத் தவிர்க்க முடியாததென்று கண்டு எழுதியதைத்தான் எங்கெல்ஸ் போற்றுகிறார். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள், பொருளியலாளர்கள், புள்ளியியலாளர்கள் எல்லாரையும்விட பால்சாக்கிடம் தான் கற்றது அதிகம் என்றும் எழுதுகிறார்.