கேளுங்கள், சொல்கிறோம்: ஆல்தியா கிப்சனுக்கு ஏன் ஐந்தே பட்டம்?

(அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை ஆல்தியா கிப்சன் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். அதற்கு மலையிலிருந்து வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன.)

விம்பிள்டன் ஒற்றையரை வென்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் செரீனா என்கிறாள் என் மகள். நான் வீனஸ் என்கிறேன். யார் சொல்வது சரி?
வாசகர், குன்னூர்

இரண்டு பேருமே இல்லை. ஆல்தியா கிப்சன்தான், 1957-இல். அடுத்த வருஷமும் அவரே வென்றார். அதன் பிறகு 2000-இல் வீனஸ் வெல்லும் வரை இன்னொரு கறுப்பின அமெரிக்கப் பெண் அந்தக் கோப்பையைத் தூக்கவில்லை. செரீனாவின் முதல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் 2002-இல்.

ஒற்றையரில் ஆல்தியா வென்ற பெரிய பட்டங்கள் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க என்ற நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில்) ஐந்துதானே? மார்கரெட் கோர்ட்டுக்கு 24, ஸ்டெஃபி கிராஃபுக்கு 22. ஐந்து வென்றவரை எதற்கு இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள்?
கல்லூரி மாணவர், ஊட்டி

நல்ல கேள்வி, கொஞ்சம் கோபமும் வருகிறது. எண்ணிக்கையை விடுங்கள், வயதைப் பாருங்கள். ஸ்டெஃபி முதல் பெரிய பட்டத்தை வாங்கியபோது அவருக்கு 17 வயது. ஆல்தியா 1956-இல் பாரிஸில் வாங்கியபோது 28. அதற்கு முந்தைய பத்து வருஷம் அவர் ஆடத் தெரியாமல் இருந்தாரா? கறுப்பினத்தவருக்கான தனிச் சங்கத்தின் தேசியப் பட்டத்தை 1947 முதல் 1956 வரை வருஷம் தவறாமல் அவர்தான் வென்றார். வெள்ளையர் ஆடிய தேசியப் போட்டியில்தான் 1950 வரை இடமில்லை. விதிப்புத்தகத்தில் எங்கேயும் தடை என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் தகுதி பெறுவதற்கு ஆட வேண்டிய போட்டிகளெல்லாம் வெள்ளையர் மட்டுமே நுழையக்கூடிய கிளப்புகளில் நடந்தன. கிளப் வாசல் என்றால் என்னவென்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், வெள்ளைக்காரர் காலத்தில் யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆல்தியாவுடையது தெற்குக் கரோலினாவில் பருத்தி வயலில், விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகைக்குப் பயிர் செய்த குடும்பம். பிழைக்க நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்தார்கள். பிள்ளைகள் விளையாடுவதற்காக அங்கே தெருவை அடைத்து விடுவார்கள், அந்தத் தெருவில் மரமட்டை டென்னிஸ் ஆடித்தான் ஆல்தியா கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்தார் காசு சேர்த்து ஒரு டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் ஹியூபர்ட் ஈட்டன், வால்டர் ஜான்சன் என்று இரண்டு கறுப்பின மருத்துவர்கள் வீட்டில் தங்க வைத்து, படிக்கவும் ஆடவும் வைத்தார்கள். பின்னாளில் கறுப்பின டென்னிஸ் சாம்பியன் ஆர்தர் ஆஷை வளர்த்தெடுத்தவரும் இந்த ஜான்சன்தான்.

1950-இல் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், அவரே வெள்ளையர், ஒரு டென்னிஸ் பத்திரிகையில் தன் விளையாட்டு உலகத்தைப் பார்த்து வெளிப்படையாகவே கேட்டு எழுதினார்: இந்தப் பெண்ணை ஏன் உள்ளே விட மாட்டேன் என்கிறீர்கள்? அந்த வருஷமே அழைப்பு வந்தது. அமெரிக்க தேசியப் போட்டி நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸில் இரண்டாவது சுற்றில் எதிரே நின்றவர் நடப்பு விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரஃப். முதல் செட் 1-6 என்று போனது, இரண்டாவதை 6-3 என்று ஆல்தியா எடுத்தார், மூன்றாவதில் 7-6 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் வெற்றி. அப்போது இடி மழை பிடித்துக்கொண்டது, அரங்கத்தின் மேலிருந்த கல் கழுகே மின்னல் தாக்கி விழுந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்தபோது வரிசையாக மூன்று கேம் போய் 7-9 என்று தோற்றார். ஒரு ராத்திரி முழுக்க அந்த ஒரு கேமை நினைத்துக்கொண்டு படுத்திருக்கும் 23 வயதுப் பெண்ணை யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் பெரிதாக எதுவும் அமையவில்லை. கல்லூரியில் உடற்கல்வி சொல்லிக் கொடுத்தார், ராணுவத்தில் சேர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். 1955-இல் அமெரிக்க அரசு நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. இந்தியா, இலங்கை, பர்மா எல்லாம் அதில் வந்தன. அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் ஆட்டம் திரும்பியது. 1956-இல் பாரிஸ் பட்டம், அதே வருஷம் பாரிஸிலும் விம்பிள்டனிலும் ஏஞ்சலா பக்ஸ்டனுடன் இரட்டையர் பட்டம், 1957-இல் விம்பிள்டன் இறுதியில் டார்லின் ஹார்டை 6-3, 6-2 என்று வென்று எலிசபெத் ராணி கையால் பரிசு. அந்த வருஷ அமெரிக்க இறுதியில் எதிரே வந்தவர் யார் தெரியுமா? அதே லூயிஸ் பிரஃப். 6-3, 6-2. எனக்கு விம்பிள்டனைவிட இந்த வெற்றிதான் பெரிது.

ஒற்றையரில் ஐந்து, இரட்டையரில் ஐந்து, கலப்பு இரட்டையரில் ஒன்று, ஆக 11. எல்லாமே 1956-க்கும் 1958-க்கும் இடையில். மூன்றே வருஷத்தில் இவ்வளவு என்றால், 18 வயதிலேயே கதவு திறந்திருந்தால் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்?

இவ்வளவு பெரிய சாம்பியன் கடைசிக் காலத்தில் வறுமையில் இருந்தார் என்று படித்தேன். பரிசுப் பணமெல்லாம் என்ன ஆயிற்று?
வாசகி, கோத்தகிரி

பரிசுப் பணமே கிடையாதம்மா. அப்போது பெரிய போட்டிகள் எல்லாமே அமெச்சூர் போட்டிகள், கோப்பை மட்டும்தான். 1958-இல் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் இரண்டையும் தக்கவைத்துக்கொண்ட கையோடு, சாப்பாட்டுக்கு வழி பார்க்க வேண்டும் என்று அமெச்சூர் ஆட்டத்தை விட்டார். பெண்களுக்கென்று தொழில்முறைச் சுற்று எதுவும் இல்லை. பாட்டுப் பாடி இசைத்தட்டு போட்டார், சினிமாவில் நடித்தார், கூடைப்பந்துக் காட்சி ஆட்டம் தொடங்கும் முன் கூட்டத்துக்கு டென்னிஸ் ஆடிக் காட்டினார். பிறகு கோல்ஃப் கற்றுக்கொண்டு, 1964-இல் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அங்கேயும் சில கிளப்புகள் உள்ளே விடாததால் காருக்குள் உடை மாற்றிக்கொண்டு போய் ஆடினார்.

விம்பிள்டனில் பரிசுத்தொகை வந்தது 1968-இல். ஆண் சாம்பியனுக்கு 2,000 பவுண்டு, பெண் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750. ஆல்தியாவுக்கு அப்போது 40 வயது. லாஸ் ஏஞ்சலஸில் ஆல்தியா ஆடியதைத் தன் 13 வயதில் நேரில் பார்த்தவர் பில்லி ஜீன். 1970-இல் அவரும் சேர்ந்து ஒன்பது பெண்களாக ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தனிச் சுற்று தொடங்கி, சண்டை போட்டு, 1973-இல் அமெரிக்க ஓபனில் சம பரிசு வாங்கினார்கள். விம்பிள்டன் சம பரிசு கொடுத்தது 2007-இல். ஆல்தியா 2003-லேயே போய்விட்டார்.

1990-களில் பக்கவாதம் வந்து, வாடகைக்கும் மருந்துக்கும் பணம் இல்லாமல் அவர் உதவி கேட்டது அந்தப் பழைய இரட்டையர் ஜோடி ஏஞ்சலா பக்ஸ்டனிடம். ஏஞ்சலா சும்மா இருக்கவில்லை. விஷயம் டென்னிஸ் பத்திரிகைக்குப் போனது, உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள்.

என் மகள் ஊட்டியில்தான் டென்னிஸ் பழகுகிறாள். கோவைக்குப் போட்டிக்குப் போனால் பந்தெல்லாம் குறைவாக விழுகிறது, வலையில் அடிக்கிறாள். பயமா? நம் பக்கத்திலிருந்து யாராவது பெரிதாக வந்திருக்கிறார்களா?
ஒரு தாய், ஊட்டி

பயமாக இருக்காது, உயரமாக இருக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே காற்று மெல்லிது, பந்தைத் தடுப்பது குறைவு, அதனால் தூரம் போகும். வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு என்பதால் சாதாரணப் பந்து கூடுதலாக எழும்பும். அதற்குப் பழகிய கை அடியைச் சுருக்கிக்கொள்ளும், கோவையில் அதே அடி பாதியில் விழும். 1,219 மீட்டருக்கு மேல் ஆட உலக டென்னிஸ் விதிகளிலேயே தனிப் பந்து அனுமதி உண்டு. பயிற்சியாளரிடம் கேளுங்கள், கிடைத்தால் அதில் பழகட்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்னாடியே கீழே இறங்கி, கையை முழுசாக வீசி, வலைக்கு மேலே நல்ல உயரத்தில் அடித்துப் பழகினால் சரியாகிவிடும்.

அப்புறம், கோவையில் பிறந்தவர்தான் நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்று, ஓபன் காலத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடத் தொடங்கிய 1968-க்குப் பிறகு) கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். சானியா வருவதற்கு வெகு முன்னால். அதே வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலமும் வாங்கினார். அடுத்த முறை கோவைக்கு இறங்கும்போது மகளிடம் இவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போங்கள், அடிவாரத்தில் கல்லாறு வரும் வரைக்கும் பேச விஷயம் இருக்கும்.