மாயா எண்கள்: வரைவதோடு நின்றுவிடாமல் கணக்குப் போட வைப்பது எப்படி?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மெக்சிகோவின் மாயா எண்களை அறிமுகப்படுத்தினேன். பிள்ளைகள் புள்ளியும் கோடும் ஆசையாக வரைந்தார்கள், அதோடு சரி. இடமதிப்பு, கூட்டல், கழித்தல் எதையாவது இதைக்கொண்டு நடத்த முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் பென்சிலை ஓரமாக வைத்துவிட்டுக் கையில் பொருளைக் கொடுங்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் வாழ்ந்த மாயா மக்கள் தரையிலோ தட்டையான பரப்பிலோ வைத்து எண்ணினார்கள், அதிலும் கொக்கோ வியாபாரத்துக்கு இந்த எண்ணிக்கையை நிறையப் பயன்படுத்தினார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே தியேகோ தே லாண்டா என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு பேருக்கு 30 கருப்பு பீன்ஸ், மருந்து கிள்ளிய 24 தீக்குச்சி, 4 சிப்பி. சிப்பிக்குக் கடற்கரைக்குப் போக வேண்டாம். மெக்சிகோ வீடுகளில் சூப்புக்குப் போடும் சிப்பி வடிவப் பாஸ்தாவே போதும். ஓர் அட்டையில் மேலும் கீழுமாக நான்கு கட்டம் போடுங்கள். பக்கவாட்டில் போட்டால் நம் எண் எழுதும் பழக்கம் குறுக்கே வந்து குழப்பும். பீன்ஸ் ஒன்று, குச்சி ஐந்து, சிப்பி சுழியம். அடிக்கட்டம் ஒன்றுகள், மேலே போகப் போக 20, 400, 8000.

முதல் வகுப்பிலேயே இருபதுக்குத் தாவ வேண்டாம். முதலில் பத்தடிமானத்தில் பழக்குங்கள்: ஐந்து பீன்ஸ் ஒரு குச்சி, இரண்டு குச்சி மேல்கட்டத்தில் ஒரு பீன்ஸ். கை பழகியபின் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும்: இரண்டு குச்சிக்குப் பதில் நான்கு. இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் பாதி வகுப்பு இரண்டு குச்சியிலேயே மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்.

இனி 327 + 158. 327 என்பது 16 இருபதும் 7-ம்: மேலே மூன்று குச்சி ஒரு பீன்ஸ், கீழே ஒரு குச்சி இரண்டு பீன்ஸ். 158 என்பது 7 இருபதும் 18-ம். இரண்டையும் அந்தந்தக் கட்டத்தில் கொட்டிச் சேர்த்துவிடுங்கள். கீழே ஐந்து பீன்ஸ் ஒரு குச்சியாகிறது. ஆக ஐந்து குச்சி. நான்கை எடுத்து மேலே ஒரு பீன்ஸ் வைத்தால் கீழே மிச்சம் ஒரு குச்சி. இரண்டாம் கட்டத்தில் நான்கு குச்சி, நான்கு பீன்ஸ். அந்த நான்கு குச்சியும் மூன்றாம் கட்டத்தில் ஒரு பீன்ஸாகும். 400, 80, 5: விடை 485. கூட்டல் வாய்ப்பாடே தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

சிப்பியை அலட்சியம் செய்யாதீர்கள். 405-ல் இரண்டாம் கட்டம் காலி. அங்கே சிப்பி வைக்காமல் நோட்டில் எழுதினால் ஒரு புள்ளியும் அதன் கீழ் ஒரு கோடும்தான் நிற்கும், அது 25. இந்த மோதலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். சுழியத்துக்கு இன்னொரு நல்ல கணக்கு கொக்கோ: ஒரு சுமை 24,000 கொட்டை. உச்சியில் மூன்று பீன்ஸ், கீழே மூன்று சிப்பி.

கழித்தலில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். 405-லிருந்து 27 எடுக்கும்போது மேலிருந்து இறங்கும் பீன்ஸ் பத்தாக அல்ல, இருபதாக, அதாவது நான்கு குச்சியாக உடையும். மூன்றாம் கட்டத்துப் பீன்ஸை இரண்டாம் கட்டத்தில் நான்கு குச்சியாக்குங்கள். அதில் ஒன்றை ஐந்து பீன்ஸாக மாற்றி, ஒரு பீன்ஸை அடிக்கட்டத்தில் நான்கு குச்சியாக இறக்குங்கள். இப்போது 27-ஐ எடுத்தால் இரண்டு கட்டத்திலும் மூன்று குச்சி, மூன்று பீன்ஸ்: 378. கடன் வாங்குவதை விதியாக மனப்பாடம் செய்தவர்கள் இங்கே பத்து இறக்கிவிட்டு மாட்டிக்கொள்வார்கள். அதுவே உங்களுக்கு வேண்டிய சோதனை.

நாள்கணக்குக் கல்வெட்டுக்கு (ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பொறித்த கல்) போகும்போது ஒரு பொறி இருக்கிறது. அங்கே மூன்றாம் இடம் 400 அல்ல, 18 × 20 = 360; அதற்கு மேல் 7,200, 1,44,000. அதனால் இரண்டாம் இடத்தில் 17-க்கு மேல் வராது. வேராக்ரூஸ் மாநிலத்து ட்ரெஸ் சபோடெஸில் 1939-ல் கிடைத்த கல்லில் மேல் எண் உடைந்துபோயிருந்தது. 7 என ஊகித்தார்கள், பின்னர் கிடைத்த மேல்பாதி அதை உறுதிசெய்தது. கல் மாயாக்களுடையது அல்ல, எண்முறை அதேதான். 7, 16, 6, 16, 18 என்பதைப் பிள்ளைகள் பெருக்கிக் கூட்டட்டும்: 11,25,698 நாள். 400 வைத்துப் போட்டவர்களுக்கு 12,50,738 வரும். வித்தியாசம் 1,25,040 நாள், ஏறக்குறைய 342 ஆண்டு!

நேரமிருந்தால் மீச்சிறு பொது மடங்குக்கு மாயா நாட்காட்டியின் 260 நாள் சுற்றையும் 365 நாள் சுற்றையும் எடுத்துக்கொள்ளலாம். பொதுக்காரணி 5 என்பதை மறந்தவர்கள் 94,900 என்பார்கள். சரியான விடை 18,980 நாள், அதாவது 365 நாள் கொண்ட 52 ஆண்டு.