பீடத்தை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

எங்கள் நகரச் சதுக்கத்தில் நிற்கும் ஒரு சிலையை வைத்துச் சில ஆண்டுகளாகவே சச்சரவு. ஒரு தரப்புக்கு அவர் கொடைவள்ளல். இன்னொரு தரப்புக்கு, தங்கள் முன்னோரை விற்றுப் பணம் பார்த்தவர். நகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்கப்போகிறது, அதற்கான குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ‘சிலை இருக்கலாமா, கூடாதா?’ என்று இணையத்தில் வாக்கெடுப்பு, பிறகு ஒரு பொதுக்கூட்டம் என்பது திட்டம். கூட்டத்தில் சத்தம் போடுபவர்களை எப்படிச் சமாளிப்பது? எத்தனை சதவீதம் வந்தால் சிலையை எடுப்பது நியாயம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

கொஞ்ச காலமாக வெற்றுப் பீடங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. சம்பளமில்லாத இந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்பவர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இரண்டு பக்கமும் வசவு வாங்கப்போகிறீர்கள், தெரிந்தேதான் போயிருப்பீர்கள்.

ஆனால் சதவீதக் கணக்கை என்னிடம் கொண்டுவராதீர்கள். இணைய வாக்கெடுப்பில் 51 வந்தாலும் 91 வந்தாலும், அது தாமாகத் தேடி வந்தவர்களின் எண்ணிக்கை. ஒரே ஆள் மூன்று கைபேசியில் மூன்று வாக்குப் போடுவார். ஊரின் மனம் தெரிய வேண்டுமானால் முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சில நூறு வீடுகளைத் தேர்ந்து கடிதம் அனுப்புங்கள். அந்தப் பதில்களை இணையத்தில் வந்தவற்றோடு கலக்காமல் தனியே எண்ணுங்கள்.

சத்தம் போடுபவர்களுக்கு ஒரே வைத்தியம்தான்: மைக் வைக்காதீர்கள். மேடையும் மைக்கும் இருந்தால் முதல் மூன்று பேர் பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டுவிடுவார்கள். மேசைக்கு எட்டுப் பேர், பேச்சை நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர் போதும். குறிப்பு பேசியவரின் சொற்களிலேயே இருக்க வேண்டும், அவர் எழுந்து போகுமுன் வாசித்துக் காட்ட வேண்டும். விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களை முதலில் தனியாகப் போய்ப் பாருங்கள். பொதுக்கூட்டத்தில் நின்று தங்கள் காயத்தை நிரூபிக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

முடிவெடுக்கப்போவது யார் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரி, தன் கட்டட முகப்பில் இருக்கும், ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தைப் பரப்பிய செசில் ரோட்ஸின் சிலை பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. ஆணையத்தில் பெரும்பான்மையோர் எடுத்துவிடலாம் என்றார்கள். 2021-ல் கல்லூரி செலவையும் சட்டச் சிக்கலையும் காரணம் காட்டிச் சிலையை அப்படியே விட்டுவிட்டது. அந்தச் செலவும் சிக்கலும் ஆணையம் அமைக்கும் முன்பே தெரிந்தவைதானே? கேட்டுவிட்டுக் கைவிரிப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

சரி, என் சண்டைக்கு வருகிறேன். உங்கள் கேள்வித்தாளில் பீடம் எங்கே?

‘கூடாது’ என்றே பதில் வருகிறது, கிரேன் வைத்துச் சிலையைத் தூக்கிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை சதுக்கத்தில் என்ன நிற்கும்? ஆளுயரத்துக்குமேல் ஒரு கல், அதன் முகத்தில் அவரைப் புகழ்ந்து கல்வெட்டு. பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போய்க்கொண்டே இருப்பதுபோல ஊரின் கண் அங்கேயே போய் நிற்கும். சிலைக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, இதைப் பற்றி ஒரு வரி கேட்காமல் எப்படி விட்டீர்கள்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைப் பாருங்கள். அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலையை அங்கே 1895-ல் வைத்தார்கள். 2018-ல் பீடத்தில் ஒரு விளக்கப் பலகை வைக்க முயன்றார்கள். வாசகத்தை ஒவ்வொரு தரப்பும் மாற்றி மாற்றித் திருத்தியது. பலகையை வார்த்து முடித்த பிறகும், 2019-ல் மேயர் வேண்டாமென்று நிறுத்தினார். 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் கயிறு கட்டிச் சிலையை இழுத்துத் தள்ளி, உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். நான்கு நாள் கழித்து நகராட்சி அதை வெளியே எடுத்தது. சேற்றைக் கழுவியபோது ஒரு சைக்கிள் டயரும், 1895-ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றும் கிடைத்தன. பத்திரிகையில் சிலையைப் பொருத்தியவர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருந்தன. உலகமே சிலையின் பின்னால் ஓடியது, பீடம் காலியாக நின்றது. ஜூலை 15 அதிகாலையில் மார்க் க்வின் என்ற சிற்பி, யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு போராட்டக்காரரின் உருவத்தை அதன்மேல் ஏற்றிவிட்டார். மறுநாளே நகராட்சி இறக்கியது. ஊர் முடிவெடுக்காத இடத்தில் முந்தி வருபவர் முடிவெடுப்பார்.

அதன்பின் அமைந்த வரலாற்று ஆணையம் 2021-ல் நடத்திய கருத்துக்கேட்பில் ஏறத்தாழ 14,000 பேர் பதில் சொன்னார்கள். பதில் சொன்ன நகரவாசிகளில் ஐந்தில் நான்கு பேர், சிலை உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்றார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். எனக்குப் பிடித்தது வேறு: பீடத்தைப் பற்றி அவர்கள் தனியாகக் கேட்டார்கள். பலகை வைக்கலாமா, தற்காலிகக் கலைப்படைப்புகளுக்கு விடலாமா என்று.

அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால் தீர்ந்தது என்று உங்கள் குழுவில் ஒருவராவது சொல்லியிருப்பார். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜேம்ஸ் நீலின் சிலைக்கு எதிராகச் சென்னையில் 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. அது அருங்காட்சியகத்துக்குப் போக 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வர வேண்டியிருந்தது. அனுப்புவதற்கு முன் அங்கே தரை எவ்வளவு எடை தாங்கும், வாசல் எத்தனை அகலம் என்று விசாரியுங்கள். அமெரிக்காவின் ரிச்மண்டில் இருந்த, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் தளபதி ஜெனரல் லீயின் சிலை 21 அடி உயரம், 12 டன் எடை. 2021 செப்டம்பரில் இறக்கியபோது சாலையில் கொண்டுபோவதற்காக அதை இடுப்பில் இரண்டாக அறுத்தார்கள். பீடத்தை டிசம்பரில் பிரித்தார்கள். உள்ளே அந்தக் காலத்தில் புதைத்துவைத்த பெட்டிகள் இருந்தன, முதலில் ஈயப்பெட்டி, சில நாள் கழித்து செப்புப்பெட்டி. இடிக்கும் வேலையை அவசர ஒப்பந்தக்காரரிடம் விட்டால் இதெல்லாம் கல்குப்பையோடு போய்விடும்.

இனி கல்லைப் பற்றி. வெண்கலச் சிலை பெரும்பாலும் உள்ளே பொள்ளல். அதன் காலடியிலிருந்து இறங்கும் கம்பிகளைக் கல்லில் துளையிட்டு, ஈயம் உருக்கி ஊற்றிப் பொருத்தியிருப்பார்கள். கம்பி இரும்பானால் இதற்குள் துருவேறிப் பருத்துக் கல்லில் விரிசல் விட்டிருக்கும். அதைப் பார்க்காமல் கிரேன் இழுத்தால் கல்லின் மேல்விளிம்பும் சேர்ந்து பெயர்ந்துவரும். தூக்கிய பிறகு துளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். மழை இறங்கும், துரு கரையும், முகப்பில் பழுப்பாக வழியும். அதுவும் சரியாகக் கல்வெட்டின்மேல். உடனே யாராவது சிமெண்டைக் குழைத்து அடைப்பார். தடுத்துவிடுங்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், பின்னால் உடைத்தெடுக்கும்போது நல்ல கல்லையும் தின்றுவிடும். மிச்சமிருக்கும் கம்பியை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, மேலே சரிவாக ஈயத்தகடு போட்டு, விளிம்பில் நீர் சொட்டும்படி மடித்துவிட வேண்டும். கல்லில் எழுதியிருக்கும் வாசகங்களையும் பெயிண்டையும் படமெடுக்காமல் கழுவ விடாதீர்கள். எதை வைத்துக்கொள்வது என்பதும் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விதான்.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடம் நாலாம் வில்லியமின் குதிரைச் சிலைக்காக 1841-ல் கட்டியது. பணம் போதாமல் ஒன்றரை நூற்றாண்டு காலியாகக் கிடந்தது. 1999 முதல் தற்காலச் சிற்பங்களை அங்கே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். சர்ச்சை வராமல் இல்லை. ஆனாலும் பிடிக்காதது ஒருநாள் இறங்கும் என்று தெரிவதால் ஊர் பொறுத்துக்கொள்கிறது. உங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேளுங்கள்.

கேள்வித்தாளைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுங்கள். சிலைக்கு ஒரு பக்கம், பீடத்துக்கு ஒரு பக்கம். கல்வெட்டை விடுவதா, மூடுவதா, பக்கத்தில் இன்னொன்று வைப்பதா? வைப்பதென்றால் வாசகத்தின் வரைவைக் கூட்டத்துக்கு முன்பே எல்லோர் கையிலும் கொடுக்க முடியுமா? மேலே ஏதாவது ஏறினால் எத்தனை மாதம், தேர்ந்தெடுப்பது யார், கழுவித் துடைப்பது யார்? பீடமே வேண்டாமென்றால் அந்தத் தரையில் என்ன வரும்? அதற்கு முன் சிலை, பீடம், நிலம் மூன்றுக்கும் உரிமையாளர் ஒருவர்தானா என்று பத்திரத்தைப் பாருங்கள். பல ஊர்களில் மூன்றும் மூன்று பேரிடம் இருக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் பீடம் தனியாக இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் பலகை மாட்ட ஒரு துளை போடக்கூட அனுமதி வேண்டியிருக்கும். அந்த அனுமதிக்கு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, கூட்டத் தேதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.