ஏப்ரலில் அனுப்பிய பயோடேட்டா

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். ஊட்டி, குன்னூரில் 20 ஓட்டல்களுக்கு வரவேற்பறை வேலை கேட்டு ஏப்ரலில் பயோடேட்டா அனுப்பினேன். ஒருவரும் கூப்பிடவில்லையே, ஏன்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதல் தவறு மாதம். ஏப்ரல், மே சீசனில் மேலாளருக்கு மெயிலைத் திறக்கவே நேரமிருக்காது. பிப்ரவரியில் அனுப்பியிருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்கு ஜூலையிலேயே அனுப்பிவிடுங்கள். 20 முகவரிகளையும் ஒரே மெயிலில் போட்டிருந்தால் எல்லோருக்கும் அது தெரியும். அதோடு கதை முடிந்தது.

ஒரே பக்கம், பி.டி.எஃப். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். 'ரெஸ்யூம் ஃபைனல் 2' என்றால் யாருடையது என்று யார் தேடுவது?

ஆள் எடுப்பவர் மதிப்பெண்ணை அப்புறம்தான் பார்ப்பார். இரவு ஷிஃப்ட் வருவீர்களா? கடைசி பஸ் போனபின் எங்கே தங்குவீர்கள்? இதை மேலேயே எழுதுங்கள். கேரளா, கர்நாடக விருந்தினர்கள் நிறைய வருவதால் மொழிகளும் முக்கியம்: 'மலையாளம் பேசுவேன், படிக்கத் தெரியாது' என்று உள்ளபடி சொல்லலாம். டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. பில் போடவும் தெரிந்தால் அடுத்த வரியிலேயே வரட்டும்; பி.காமுக்கு அங்கேதான் மதிப்பு. உயரம், எடை, மதம் எதுவும் வேண்டாம்.

எஸ்டேட் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காதென்றால் இன்னொரு எண்ணும் கொடுங்கள். இரண்டு முறை அடித்து எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.