ரெண்டு பெடியள் உள்ள வீடு: திருகோணமலைப் பெற்றோரின் கேள்வி பதில்

எட்டு வயசுக்கு உட்பட்ட ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் உள்ள வீடுகளுக்கான கேள்வி பதில் இது. பதில் சொல்றவர் கனகாலம் குடும்பநல உத்தியோகத்தரா இருந்தவர். மருந்து எழுதித் தரமாட்டார். கிளினிக்குக்குப் போகவேண்டிய கேள்விக்கு, கிளினிக்குக்குப் போங்கோ எண்டுதான் பதில் வரும்.

உவர்மலை, அம்மா: மூத்தவனுக்கு 5, சின்னவனுக்கு 3. விடிஞ்சதில இருந்து சண்டை. ஒரு விளையாட்டு லொறிக்கு ரெண்டு பேரும் இழுபறி. குசினியில இருந்து ஓடிவந்து ஆர் தொடங்கினது எண்டு கேட்டால் ஒருத்தனை ஒருத்தன் காட்டுறான். என்ன செய்யிறது மிஸ்?

பதில்: "ஆர் தொடங்கினது" எண்டு கேக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ தங்கச்சி. நீங்க காணாத சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லேலாது. நீங்க கேட்ட உடனே அவங்கள் லொறியை மறந்து வழக்காடத் தொடங்குவாங்கள். அதில கதைக்கத் தெரிஞ்ச 5 வயசுக்காரன் வெல்லுவான், இல்லாட்டி அழத் தெரிஞ்ச 3 வயசுக்காரன் வெல்லுவான். ரெண்டுமே உங்களுக்கு நட்டம்.

அடி விழுதெண்டால் பேசாமல் நடுவில போய்க் குந்துங்கோ. நிண்டு கத்தினால் சத்தம்தான் கேக்கும், சொல் கேக்காது. லொறியை உங்கட கையில எடுங்கோ. கண்டதை மட்டும் சொல்லுங்கோ: "ஒரு லொறி இருக்கு. ரெண்டு பேருக்கும் வேணும்." பிறகு மூத்தவனிட்ட "என்ன செய்யலாம்?" எண்டு கேளுங்கோ. 5 வயசில அவனாவே ஒரு வழி சொல்லுவான். சின்னவனுக்கு அந்தக் கேள்வி பெரிசு, அவனுக்கு ரெண்டு தெரிவு போதும்: "இப்ப பந்தோ, வாளியோ?" ஒண்டும் சரிவராட்டி லொறி அலுமாரிக்கு மேல போகட்டும், பத்து நிமிசத்தில திரும்பி வரட்டும். ஏசத் தேவையில்லை.

3 வயசுப் பிள்ளைக்குப் பங்கு போடுறது விளங்காது. முறை வச்சு விளையாடுறது விளங்கும். காத்திருக்கிற நேரம் மட்டும் ரெண்டு, மூண்டு நிமிசத்துக்கு மேல போகக்கூடாது. போனில மணி வையுங்கோ. மணி அடிச்சால் கை மாறும். மாத்தச் சொல்றது மணி, அம்மா இல்லை எண்டபடியால் உங்களோட மல்லுக்கட்ட மாட்டான்.

மூத்தவனுக்கெண்டு மூடியுள்ள பெட்டி ஒண்டு வேணும். சின்னவனுக்கு எட்டாத தட்டில வையுங்கோ. அதில உள்ளதை ஆருக்கும் குடுக்கத் தேவையில்லை. சின்னத் துண்டுகள் உள்ள விளையாட்டுச் சாமான் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கவேணும். பட்டன் பற்றரி போடுற சாமானுக்கு ஸ்க்ரூ பூட்டின மூடி இல்லாட்டி வீட்டிலயே வச்சிருக்க வேண்டாம். தொண்டையில சிக்கின பற்றரி ரெண்டு மணித்தியாலத்தில தசையை எரிக்கத் தொடங்கும். விழுங்கியிருப்பான் எண்டு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும்.

இன்னொரு வேலை இருக்கு. எத்தனை மணிக்குச் சண்டை வருது எண்டு ஒரு கிழமைக்குக் குறிச்சு வையுங்கோ. அனேகமா பகல் பதினொண்டரையும் பின்னேரம் ஐந்தரையுமா இருக்கும். முதலாவது பசி, ரெண்டாவது நித்திரைக் களை. பதினொண்டுக்கு ஒரு வாழைப்பழமோ அவிச்ச முட்டையோ குடுத்தால் பாதிச் சண்டை வராது. வைகாசி, ஆனியில கச்சான் காத்து அடிக்கேக்க பிள்ளையள் பகல் முழுக்க வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடக்கும். அந்த மாதங்களில காலமை ஆறரையில இருந்து எட்டரை வரை வெளியில ஓடவிடுங்கோ.

அலஸ்தோட்டம், அம்மா: ஒரே மாதிரி ரெண்டு சாமான் வாங்கினால்?

பதில்: மூண்டு சக்கர சைக்கிளுக்கும் பந்துக்கும் சரி. மற்றதுக்குக் காசு வீண்.

சாம்பல்தீவு, அம்மம்மா: பிள்ளை, நீங்க சொல்றதை என்னால ஒத்துக்கொள்ளேலாது. மூத்தவன் எண்டால் விட்டுக்குடுக்க வேணும். பெட்டி பிரிச்சு வச்சால் நாளைக்குக் காணி பிரிப்பாங்கள்.

பதில்: அம்மா, விட்டுக்குடுக்கிறது நல்ல குணம். ஆனால் தன்னிட்ட இருக்கிறதைத்தான் ஒருத்தன் குடுக்கலாம். கையில இருந்து பறிச்சுத் தம்பிக்குக் குடுத்தால் அவன் குடுக்கப் பழகேல்ல, இழக்கப் பழகுறான். கொஞ்ச நாளில ஆரும் பாக்காத நேரம் தம்பிக்குக் கிள்ளு விழும். தனக்கெண்டு பெட்டி உள்ள பிள்ளை தானா எடுத்துக் குடுக்கிற நாளும் வரும். அந்த நாள் "தம்பிக்குக் குடுத்தனீ, அவன் சிரிக்கிறான் பார்" எண்டு சொல்லுங்கோ, போதும்.

பாலையூற்று, அப்பா: அப்ப மூத்தவனுக்குப் பொறுப்பே வேண்டாமோ மிஸ்? நாளைக்குத் தம்பியைப் பாக்கப்போறது அவன்தானே.

பதில்: பொறுப்புக் குடுங்கோ தம்பி, நிறையக் குடுங்கோ. 5, 6 வயசில சாப்பாட்டுக்குக் கோப்பை வைப்பான், தம்பியின்ர செருப்பைத் தேடி எடுப்பான், படப் புத்தகம் காட்டுவான், காய்ஞ்ச உடுப்பை மடிப்பான். குடுக்கக்கூடாத வேலையும் இருக்கு: தம்பியைக் குளிக்க வாக்கிறது, கிணத்தடியில காவல் நிக்கிறது, றோட்டுக் கடத்துறது. 7 வயசுப் பிள்ளை காவல்காரன் இல்லை. கிணத்தடியில வாளி நிறையத் தண்ணியை வச்சிட்டு "தம்பியைப் பார்" எண்டு உள்ள போறது இங்க எத்தினையோ வீட்டில நடக்கிற விசயம். பிள்ளை மூழ்கிறதுக்கு ரெண்டு அங்குலத் தண்ணி காணும், சத்தமும் வராது. வேலை முடிஞ்சால் வாளியைக் கவிழ்த்து வையுங்கோ.

சாம்பல்தீவு, அம்மம்மா: அப்ப சின்னவன் அழுதால் அழட்டும் எண்டு விடுறதோ?

பதில்: மடியில வச்சிருங்கோ, முதுகைத் தடவுங்கோ, அழட்டும். லொறியை மட்டும் குடுக்காதேங்கோ. இதுவரைக்கும் அழுது வாங்கினவன், முதல் நாலைஞ்சு நாள் முந்தியை விடக் கூட அழுவான். மூண்டாம் நாள் நீங்க மனம் இளகிக் குடுத்தால், மூண்டு நாள் அழவேணும் எண்டு படிச்சுக்கொள்ளுவான். அதனால வீட்டில உள்ள எல்லாரும், அம்மம்மா, அப்பம்மா உட்பட, ஒரே சொல்லில நிக்கவேணும்.

மூதூர், அம்மா: ரெண்டு பேருக்கும் சமமா ஒரு அடி போட்டால் என்ன?

பதில்: அடிக்கக்கூடாது எண்டதை அடிச்சுச் சொல்லேலாது.

சாம்பல்தீவு, அம்மம்மா: அதில நானும் உங்கட பக்கம்தான் பிள்ளை. பெட்டியில இல்லை.

பதில்: சரி அம்மா, பெட்டிக்குத் திரும்ப வருவம். மற்றவை காத்திருக்கினம்.

திருக்கடலூர், அம்மா: ரெண்டு பேருக்கும் காய்ச்சல். 11 கிலோவும் 16 கிலோவும். பரசிற்றமோல் பாணி எவ்வளவு?

பதில்: முதல்ல போத்தலைப் பாருங்கோ. 5 மில்லிலீற்றரில 120 மில்லிகிராம் எண்டு இருக்கிற பாணிக்குத்தான் இந்தக் கணக்கு. 250 மில்லிகிராம் பாணியும் கடையில இருக்கு, அதுக்கு இது பொருந்தாது. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 11 கிலோவுக்கு 165, அது ஏறக்குறைய 7 மில்லிலீற்றர். 16 கிலோவுக்கு 240, அது 10 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல வேண்டாம். தேத்தண்ணிக் கரண்டியால அளக்காதேங்கோ, ஃபார்மசியில ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கோ.

ரெண்டு பிள்ளையும் ஒண்டாப் படுத்தால் வாற பிழை ரெண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு குடுக்கிறது ஒண்டு, அம்மா குடுத்தது தெரியாமல் அப்பம்மாவும் குடுக்கிறது மற்றது. ஒரு தாளில பேர், நேரம், அளவு எழுதிக் குசினிக் கதவில ஒட்டுங்கோ.

மாரியில காய்ச்சல் எண்டால் டெங்கு எண்டு நினைச்சுத்தான் பாக்கவேணும். இபுப்ரூபன், அஸ்பிரின் வகை தொடவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். மூண்டாம் நாளுக்குள்ள வைத்தியரைக் கண்டு இரத்தம் சோதியுங்கோ. காய்ச்சல் விட்டவுடனே சந்தோசப்படாதேங்கோ, ஆபத்தான கட்டம் அப்பதான் தொடங்கும். வயித்துக்குத்து, திரும்பத் திரும்பச் சத்தி, கை கால் குளிர்றது, இரத்தக் கசிவு, ஆறு மணித்தியாலமா மூத்திரம் போகாதது, இதில ஒண்டு கண்டாலும் விடியட்டும் எண்டு பாக்காமல் 1990க்கு எடுங்கோ. அம்புலன்சுக்குக் காசில்லை.

நிலாவெளி, அப்பா: மிஸ், சின்னவன் சாப்பிடுறானே இல்லை. 3 வயசு. டொனிக் ஏதும்?

பதில்: ஒரு நாளைக்கு எத்தினை போத்தல் பால் குடிக்கிறான் எண்டு எழுதேல்ல. அரை லீற்றரைத் தாண்டினால் சோத்துக்கு வயித்தில இடமில்லை, இரும்புச்சத்தும் குறையும். போத்தலை விட்டிட்டுக் கப்பில ரெண்டு தரம் குடுங்கோ. மூண்டு சாப்பாடு, நடுவில ரெண்டு சிறுதீனி, அதுக்கிடையில விசுக்கோத்தும் ரொபியும் இல்லை. கோப்பைக்கு முன்னால அரை மணித்தியாலம், அதுக்கு மேல எடுத்திடுங்கோ, துரத்தி ஊட்டாதேங்கோ. சூடை மீனோ நெத்தலியோ முள் பாத்துப் பிசைஞ்சு, முருங்கை இலைச் சுண்டல், மேல ரெண்டு துளி தேசிக்காய்ப் புளி. சாப்பாட்டோட தேத்தண்ணி குடுத்தால் அந்த இரும்புச்சத்து உடம்பில சரியாச் சேராது. நிறையைக் கிளினிக் புத்தகத்தில குறிக்கச் சொல்லுங்கோ. கோடு மேல போகுதெண்டால் உங்கட பிள்ளை காணுமான அளவு சாப்பிடுறான்.

உப்புவெளி, அம்மா: என்ர மகனும் சாப்பிடமாட்டான், டொனிக் குடுக்கலாமோ?

பதில்: மேல நிலாவெளிக்குச் சொன்னதைப் படியுங்கோ.

பேர் போட விரும்பாத அம்மா: 4 வயசு மகனுக்கு முன்தோல் பின்னுக்குப் போகுதில்லை. குளிக்க வாக்கேக்க இழுத்துக் கழுவச் சொல்லி மாமி சொல்றா.

பதில்: நல்ல வேளை கேட்டீங்க. இழுக்கவே கூடாது. இந்த வயசில முன்தோல் ஒட்டிக்கிடக்கிறது இயல்பு, அதுபாட்டில விலகும். சில பெடியளுக்குப் பத்து வயசு தாண்டியும் எடுக்கும். பலவந்தமா இழுத்தால் கீறல் விழும், காயம் ஆறேக்க தோல் உண்மையாவே இறுகிப்போகும். வெளியில மட்டும் தண்ணியால கழுவுங்கோ, காணும். இழுபட்ட தோல் திரும்பி வராமல் நுனி வீங்கினால் அண்டைக்கே ஆஸ்பத்திரி. மூத்திரம் போகேக்க நோ, காய்ச்சல், சீழ் எண்டால் வைத்தியரிட்டக் காட்டுங்கோ. சுன்னத்து வைக்கிற வீடுகளும் அதுவரைக்கும் இப்படியே பாருங்கோ, வைக்கேக்க வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ.

பெடியளை வளர்க்கிற எல்லாரும் இன்னும் ரெண்டு விசயம் தெரிஞ்சிருக்கவேணும். ஆறு மாதமாகியும் விதை பைக்குள்ள இறங்காட்டி வைத்தியரிட்டக் காட்டவேணும். எந்த வயசிலயும் விதைப்பையில திடீரெண்டு கடும் நோ வந்தால் எண்ணெய் பூசிப் பாக்காதேங்கோ. விதை முறுகியிருந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள்ள ஒப்பரேசன் செய்யவேணும், பிந்தினால் விதை போயிடும். வெக்கத்தில வயித்துக்குத்து எண்டு சொல்ற பிள்ளையளும் உண்டு. காற்சட்டையைக் கழட்டிப் பாருங்கோ.

தம்பலகாமம், அம்மா: 5 வயசாகியும் படுக்கையில மூத்திரம் போறான். 3 வயசுத் தம்பி போறதில்லை.

பதில்: அந்த வயசில நூறு பிள்ளையில பதினைஞ்சு பேருக்கு இருக்கு, பெட்டையளை விடப் பெடியளுக்குக் கூட. தம்பியைக் காட்டி ஒப்பிடாதேங்கோ. மலச்சிக்கல் இருக்கோ எண்டு பாருங்கோ, பலருக்கு அதுதான் காரணம். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். ஆறு மாதம் நனையாமல் இருந்தவன் திரும்பத் தொடங்கினால் வைத்தியரிட்டப் போங்கோ.

கிண்ணியா, உம்மா: என்ர ரெண்டு பேருக்கும் 14 மாசம்தான் வித்தியாசம். ஆருக்குப் பெட்டி வைக்கிற மிஸ்?

பதில்: ரெண்டு பேருக்கும், ஒவ்வொரு நிறத்தில. வயசு கிட்டவா இருந்தால் ஒரே உயரத்தில வைக்கலாம். அம்மம்மா, நீங்களும் பாத்துக்கொண்டு இருப்பீங்க எண்டு தெரியும். ஒரு கிழமைக்கு ஒரே ஒரு பெட்டி வச்சுப் பாருங்கோ. சண்டை கூடினால் எனக்கு எழுதுங்கோ.

சாம்பல்தீவு, அம்மம்மா: பேரனுக்காக வச்சுப் பாக்கிறன். காணிக் கதையை விடமாட்டன்.

நகரம், அப்பா: கோட்டையடி மானுக்குத் தீனி குடுக்க விடலாமோ?

பதில்: தூர நிண்டு பாக்கட்டும். கொம்புள்ள கலைமானுக்குக் கிட்டச் சின்னவனை விடாதேங்கோ, பொலித்தீன் பையோட ஒண்டும் எறியாதேங்கோ.

சல்லி, அப்பா: கடலுக்குக் கொண்டு போகலாமோ? காத்தடிச்ச ட்யூப் வாங்கி வச்சிருக்கிறன்.

பதில்: ட்யூப் விளையாட்டுச் சாமான், உயிர்காக்கிற சாமான் இல்லை. அலை அதை வெளியில கொண்டு போகும். ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு பெரியாக்கள், ஒவ்வொருத்தரும் கை எட்டுற தூரத்தில, போன் பையில. ஒரு பெரியாள்தான் எண்டால் ரெண்டு பேரும் மணலிலதான் விளையாடவேணும். கார்த்திகையில இருந்து மாசி வரை இறக்கவே வேண்டாம்.

ஆண்டாங்குளம், அம்மா: மகன் சாப்பிடுறதே இல்லை...

பதில்: மூண்டாவது தரம். மேல இருக்கு. பால் எவ்வளவு எண்டதையும் நிறைக் கோட்டையும் எழுதிக்கொண்டு வந்தால்தான் நான் மேல ஏதும் சொல்லலாம்.

ஆண்டாங்குளம், அம்மா: சரி மிஸ். கச்சான் கடலை குடுக்கலாமோ?

பதில்: 5 வயசுக்குக் கீழ முழுக் கச்சான் வேண்டாம், இடிச்சுக் குடுங்கோ. முந்திரிகைப் பழம் (கிரேப்ஸ்) எண்டால் நீளவாக்கில நாலாப் பிளந்து. சிக்கினால், ஒரு வயசு தாண்டின பிள்ளையைக் குனியவச்சுத் தோள்களுக்கு நடுவில உள்ளங்கையால ஐஞ்சு தட்டு, வராட்டிப் பின்னால நிண்டு கட்டிப்பிடிச்சுத் தொப்புளுக்கு மேல உள்நோக்கி மேல ஐஞ்சு அமுக்கு, மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால தோண்டாதேங்கோ, இன்னும் உள்ள போகும்.

உவர்மலை, அம்மா: கடைசியா ஒண்டு. ரெண்டு பேரையும் ஒரே அறையில எப்படி நித்திரையாக்கிறது?

பதில்: ஒரே நேரத்தில படுக்கவச்சால் ஒருத்தன் மற்றவனை எழுப்புவான். ஏழுக்கு ரெண்டு பேருக்கும் சாப்பாடு, ஏழரைக்குப் பல் தீட்டு. சின்னவனுக்கு இப்ப பட்டாணி அளவு பேஸ்ட் போடலாம், 3 வயசு ஆகாட்டி அரிசி அளவுதான். ஏழே முக்காலுக்குச் சின்னவன் நுளம்பு வலைக்குள்ள. மூத்தவனுக்கு அரை மணித்தியாலம் உங்களோட மட்டும், போன் இல்லாமல், படப் புத்தகமோ அவன்ர பெட்டியோ. எட்டேகாலுக்கு அவன். வலை விளிம்பை மெத்தைக்குக் கீழ நாலு பக்கமும் செருகுங்கோ. மூத்தவன் உள்ள போகேக்க ஒரு பக்கத்தை மட்டும் தூக்கித் திரும்பச் செருகுங்கோ. கால் வலையில முட்டுற மாதிரிப் படுத்தால் வெளியில நிண்டே நுளம்பு கடிக்கும், அதனால சின்னவனை நடுவில போடுங்கோ.