மத்தேயு இரண்டில் செத்த ஏரோது பதினாலில் எப்படி வந்தான்?

கேள்வி: எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வேத வினாடி வினாவுக்குத் தயார் செய்யும்போது ஒரு பையன், "டீச்சர், மத்தேயு ரெண்டுல ஏரோது செத்துட்டான். பதினாலுல யோவான் தலைய வெட்டச் சொல்றானே, எப்படி?" என்று கேட்டான். அப்போஸ்தலர் 12-ல் ஏரோது புழுப்புழுத்துச் சாகிறான். 23-ல் திரும்பவும் "ஏரோதின் அரமனை" வருகிறது. எந்த இடத்தில் எந்த ஏரோது என்று பிரித்துச் சொல்ல எளிய வழி உண்டா?

பதில்: பையனுக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள். பல வருஷம் வேதம் வாசித்தவர்களே இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏரோது என்பது ஒரு ஆளின் பெயராகத் தொடங்கி, பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்ட பெயர். உங்களைக் குழப்புகிறவர்கள் மூன்று பேர்: தகப்பன், மகன், பேரன். வேதாகமம் முதலாம், இரண்டாம் என்று எண் போட்டுச் சொல்வதில்லை. அதனால் பெயரை விட்டுவிட்டு, "இந்தச் சம்பவம் நடக்கும்போது எருசலேமில் யார் ஆள்கிறார்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மத்தேயு இரண்டில் எருசலேமில் உட்கார்ந்து சாஸ்திரிகளை அழைத்துப் பேசுகிறவன் மகா ஏரோது. ஏதோமியக் குடும்பத்தில் பிறந்தவன். தாய் நபத்தேயர் என்ற அரபு இனத்துப் பெண். கி.மு. 40-ல் ரோம செனட் அவனை யூதரின் ராஜா என்று அறிவித்தது. ஆனால் எருசலேமைப் பிடித்து உண்மையில் ஆளத் தொடங்கியது கி.மு. 37-ல்தான். ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்டியவன், செசரியா துறைமுகத்தை எழுப்பியவன், மசாதா மலைக்கோட்டையை அரண்மனை ஆக்கியவன் எல்லாம் இவனே. மனைவி மரியாம்னேயைக் கொன்றான், அவள் பெற்ற இரண்டு மகன்களையும் கொன்றான், தான் சாவதற்கு ஐந்து நாள் முன்பு இன்னொரு மகனையும் கொன்றான். மரியாம்னே அதற்கு முன் நாட்டை ஆண்ட அஸ்மோனிய அரச வம்சத்துப் பெண். அவளை மணந்ததால் ஏரோதுக்கு மரியாதை கிடைத்தது. சந்தேகமும் அவளிடமிருந்தே தொடங்கியது. கி.மு. 4-ல் செத்தான்.

இங்கே பிள்ளைகள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: இயேசு பிறந்தபோது உயிரோடு இருந்தவன் 'கிறிஸ்துவுக்கு முன்' நாலில் எப்படிச் சாக முடியும்? ஆறாம் நூற்றாண்டில் தியோனீசியஸ் என்ற துறவி ஆண்டுக் கணக்கு போட்டபோது சில வருஷம் பிசகிவிட்டது, அவ்வளவுதான். இதில் ஒரு வகுப்பு நேரம் முழுவதும் போய்விடும், எச்சரிக்கை.

மகா ஏரோது செத்த பிறகு அகுஸ்து இராயன் நாட்டைப் பிரித்தான். பாதியை அர்கெலாயுவுக்குக் கொடுத்தான். மீதிப் பாதியை இரண்டாக்கி அந்திப்பாவுக்கும் பிலிப்புவுக்கும் கொடுத்தான். "காற்பங்கு தேசாதிபதியாகிய ஏரோது" என்று மத்தேயு 14-ல் வாசிக்கிறோமே, அந்தக் 'காற்பங்கு' இதுதான். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கச் சொல்லை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். கணக்கும் சரியாக வருகிறது. பொது மொழிபெயர்ப்பில் 'குறுநில மன்னன்' என்று இருக்கும். எந்த வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தாலும் இந்தச் சொல் கண்ணில் பட்டால் அது அந்திப்பா. லூக்கா 3-ல் மட்டும் அவன் சகோதரன் பிலிப்புவுக்கும், லிசானியா என்ற இன்னொருவனுக்கும் இதே பட்டம் வரும்.

அர்கெலாயுவைப் பற்றி வேதத்தில் ஒரே ஒரு வசனம்தான். அவன் யூதேயாவை ஆள்கிறான் என்று கேட்டு யோசேப்பு அங்கே போகப் பயந்தான். பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆட்சிக்கு வந்ததும் வந்த பஸ்காவிலேயே கூட்டத்தின் மேல் படையை ஏவி மூவாயிரம் பேரைக் கொன்றான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கி.பி. 6-ல் ரோம் அவனைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தியது. அப்புறம் யூதேயாவுக்கு ரோமிலிருந்து அதிகாரிகள் வரத் தொடங்கினார்கள். பிலாத்து அந்த வரிசையில் ஒருவன், கி.பி. 26 முதல் 36 வரை. ஆகவே எருசலேமில் பிலாத்து இருந்தால், பக்கத்தில் வரும் ஏரோது கலிலேயாவை ஆளும் அந்திப்பாதான். இயேசு கலிலேயர் என்று தெரிந்ததும் பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்பினது இதனால்தான். பண்டிகைக்கு எருசலேம் வந்திருந்தான் அந்திப்பா.

யோவான் ஸ்நானகனைக் கொன்றவன் இந்த அந்திப்பா, இயேசு "நரி" என்று சொன்னதும் இவனைத்தான். யோவன்னாள் என்ற சீஷியின் கணவன் கூசா இவனுடைய காரியக்காரன். ஏரோதியாளை இவன் எடுத்துக்கொண்டது ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை என்று பிள்ளைகள் கேட்டால், அவள் மகா ஏரோதின் பேத்தி, அந்திப்பாவுக்கு அண்ணன் மகள் முறை என்று தொடங்காதீர்கள். நமக்கு அது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் யோவான் கண்டித்தது அந்த முறையை அல்ல, உயிரோடு இருக்கும் சகோதரனின் மனைவி என்பதை. லேவியராகமம் 18 அதைத்தான் தடுக்கிறது. ஆடிய பெண்ணின் பெயர் சலோமே என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் சுவிசேஷத்தில் அந்தப் பெயர் இல்லை. யோசேபஸ்தான் ஏரோதியாளின் மகளுக்கு அந்தப் பெயரைத் தருகிறார். வினாடி வினாவில் இதை வைத்தால் பெரியவர்களே மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் என் 'காற்பங்கு' விதி உதவாது. மாற்கு 6 அந்திப்பாவை "ஏரோது ராஜா" என்கிறது. உண்மையில் அவனுக்கு ராஜா பட்டம் கிடைத்ததே இல்லை. கலிகுலா இராயனிடம் போய் அந்தப் பட்டத்தைக் கேட்டு வாங்கச் சொல்லி ஏரோதியாள் நச்சரித்தாள், போனான், இருந்ததும் போய் கி.பி. 39-ல் காலியா தேசத்துக்கு (இன்றைய பிரான்ஸ்) நாடு கடத்தப்பட்டான்.

தன் தலைநகரான திபேரியாவில் அவன் அடித்த காசுகளில் ஒரு பக்கம் நாணல் செடி, சுற்றிலும் கிரேக்கத்தில் "காற்பங்கு அதிபதி ஏரோதினுடையது" என்ற எழுத்து. தன் முகத்தைப் போடவில்லை. உருவம் கூடாது என்ற யூத ஜனங்களின் உணர்வுக்கு அது பொருந்திற்று. இந்தக் காசின் படத்தை வகுப்பில் காட்டிவிட்டு மத்தேயு 11-ஐ வாசியுங்கள்: யோவானைப் பற்றிப் பேசும்போது இயேசு, "எதைப் பார்க்க வனாந்தரத்திற்குப் போனீர்கள்? காற்றினால் அசையும் நாணலையோ?" என்று கேட்கிறார். காசு நாணலை மனதில் வைத்துச் சொன்னாரா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்படி நினைக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இனி அப்போஸ்தலர் 12. அங்கே பிலாத்துவும் இல்லை, காற்பங்கும் இல்லை. எருசலேமில் திரும்பவும் ஒரு ராஜா. இவன் பேரன், முதலாம் அகிரிப்பா. தாத்தா கொன்ற மகன்களில் ஒருவனுடைய பிள்ளை, ஏரோதியாளின் கூடப்பிறந்தவன். ரோமில் வளர்ந்தான், கடனில் மூழ்கினான், வாய்த்துடுக்கால் திபேரியு இராயனின் சிறையில் கிடந்தான். கலிகுலா வந்ததும் விடுதலை செய்து, கையில் கிடந்த இரும்புச் சங்கிலியின் எடைக்குச் சமமாகப் பொன் சங்கிலி கொடுத்தான் என்கிறார் யோசேபஸ். கி.பி. 41 முதல் 44 வரை தாத்தாவின் நாடு கிட்டத்தட்ட முழுவதும் இவன் கையில். செபெதேயுவின் மகன் யாக்கோபை வாளால் கொன்றதும் பேதுருவைச் சிறையில் போட்டதும் இந்த மூன்று வருஷத்துக்குள்தான். எருசலேமில் இவன் அடித்த காசில் முகத்துக்குப் பதிலாக என்ன தெரியுமா? குஞ்சம் தொங்கும் குடை. மறுபக்கம் மூன்று வாற்கோதுமைக் கதிர்கள். கொற்றக்குடை கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ராஜாவுக்குக் குடை என்றால் விளக்கமே வேண்டாம்.

செசரியாவில் அவன் செத்த கதை, அப்போஸ்தலரை எழுதிய லூக்காவிலும் யோசேபஸிலும் இரண்டு விதமாக இருந்தாலும் ராஜ உடையும், தேவனென்று கூட்டம் போட்ட கூச்சலும் இரண்டிலும் உண்டு. யோசேபஸில் அந்த உடை வெள்ளி. காலை வெயிலில் பளபளத்ததாம். ஒரு வேடிக்கை: அவர் இவனை அகிரிப்பா என்றே எழுதுகிறார். ஏரோது என்று சொல்வது லூக்கா.

அப்போஸ்தலர் 25, 26-ல் பவுலின் வழக்கைக் கேட்கும் அகிரிப்பா இவனுடைய மகன், கூட வரும் பெர்னீக்கேயாள் மகள், ரோம தேசாதிபதி பேலிக்ஸின் மனைவி துருசில்லாள் இன்னொரு மகள். அங்கே ஏரோது என்ற பெயர் வராததால் குழப்பம் இல்லை.

கடைசியாக 23-ஆம் அதிகாரத்து அரமனை. பவுலைக் காவலில் வைத்தது செசரியாவில் மகா ஏரோது கட்டிய அரண்மனையில். கட்டியவன் செத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரோம தேசாதிபதி அதில் குடியிருந்தான், ஜனங்கள் இன்னும் ஏரோதின் அரமனை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வினாடி வினாவில் "இந்த ஏரோது யார்?" என்று கேட்டால் 'மகா ஏரோது' என்பவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். 'ஆள் இல்லை, வீடுதான்' என்று சொல்கிற பையனுக்கும் கொடுங்கள்.